கொஞ்ச ஈஸ்ற், கன நேரம்: ஸ்காபரோ வின்ரரில வீட்டுப் பாண்

நவம்பர் பிறந்து நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாத்தின கையோட எங்கட வீட்டில இரவுச் சாப்பாடு பாணுக்கு மாறிடும். அஞ்சு மணிக்கே இருட்டு, வேலையால வந்து சோறு, மூண்டு கறி எண்டு நிண்டு சமைக்க ஒருத்தருக்கும் மனம் வராது, ஒரு பருப்பு, ஒரு சம்பல், சூடா ஒரு பாண் எண்டா காணும். ஆனா சூப்பர்மார்க்கற்றில பையில வாற வெட்டின பாண் அதுக்குச் சரிவராது. இனிப்பு, மெத்துமெத்தெண்டு கிடக்கும், குழம்பில தோய்ச்சா விரலோட கரைஞ்சு போகும். ஊரில பேக்கரிப் போறணையால எடுத்த பாணைப் பிய்ச்சுத் தோய்ச்ச வாய்க்கு அது ஒட்டாது. தமிழ்க் கடையளில நல்ல பாண் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை, ஆனா மைனஸ் 18 இல காரில கிடக்கிற ஸ்னோவைச் சுரண்டிப்போட்டு ஒரு றாத்தல் பாணுக்காக வெளிக்கிடுறதை விட வீட்டில சுடுறது சுகம்.

காசும் மிச்சம்தான், ஒரு 10 கிலோ மாப் பையில 20 பாண் வரும், கணக்கை நீங்களே போடுங்கோ. (2001 இல இருந்து கன வருசமா பாண் விலையைக் கம்பனியள் தங்களுக்குள்ள கதைச்சு ஏத்தினது எண்டு 2017 டிசம்பரில வெளியில வந்து, பிறகு 25 டொலர் கார்ட் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கோ. அந்தக் கார்ட்டில நான் மாவும் ஈஸ்ற்றும்தான் வாங்கினனான்.)

இப்ப விசயத்துக்கு வாறன். சொந்தக்காரர், வேலையில நிக்கிற ஆக்கள் எண்டு கனபேர் என்னட்டக் கேக்கிறது ஒரே கேள்வி, "சமருக்க நல்லா வந்தது, அதே அளவுதான், அதே ஓவன்தான், வின்ரரில ஏன் கல்லு மாதிரி வருது?" பதில் அளவில இல்லை, சூட்டில இருக்கு. ஈஸ்ற் உயிருள்ள சாமான், அதுக்கு 25, 26 டிகிரி பிடிக்கும். ரெசிப்பியில "ஒரு மணித்தியாலம் வையுங்கோ" எண்டு எழுதினவர் எந்த ஊரில இருந்து எழுதினவரோ தெரியாது, ஊரில சமையலறை 30 டிகிரி, இஞ்ச ஜனவரியில ஹீற் போட்டும் 20, 21, பேஸ்மென்ற் எண்டா இன்னும் கீழ. ஒரு மணித்தியாலத்தில ரெண்டு மடங்கு பொங்க வேண்டியது இஞ்ச ரெண்டரை மணித்தியாலம் எடுக்கும். ஆக்கள் மணிக்கூட்டைப் பாத்து அரைவாசி பொங்கின மாவைத் தூக்கி ஓவனுக்க வைக்கினம், பிறகு ஈஸ்ற் பழுது, மா பழுது எண்டு பழி போடீனம். மணிக்கூட்டை விட்டுட்டு மாவைப் பாருங்கோ. பாத்திரத்தின்ர வெளிப்பக்கத்தில ஒரு மாஸ்கிங் ரேப் துண்டு ஒட்டி மா நிக்கிற மட்டத்தைக் கோடு போட்டு வைச்சா, ரெண்டு மடங்கு வந்ததா வரேல்லையா எண்டு சண்டையே இல்லை.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு சூட்டைக் குடுத்துக் கெதியா முடிக்கிறது, மற்றது குளிரோட சேர்ந்து போய் ஈஸ்ற்றைக் குறைச்சு நேரத்தைக் கூட்டுறது. நான் ரெண்டாவது கட்சி, ஆனா பெடியளின்ர லஞ்சுக்கு அச்சுப் பாண் வேணுமெண்டா முதலாவதும் செய்யிறனான்.

அதுக்கு முதல் மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், இதில எங்கட ஆக்களுக்கு மட்டுமே வாற ஒரு சிக்கலும் இருக்கு. கனடாவில "ஓல் பர்ப்பஸ்" எண்டு விக்கிற சாதாரண வெள்ளை மாவே பாணுக்குக் காணும். பையின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ, கனக்கப் பிராண்டில 30 கிராமுக்கு 4 கிராம் புரதம் எண்டு போட்டிருக்கும், அது கிட்டத்தட்ட 13 வீதம். அமெரிக்காவில அதே பேரில விக்கிற மா கனக்க இதை விடக் குறைவு, அதால அமெரிக்க ரெசிப்பியில "பிறெட் ஃப்ளவர்" கேட்டா இஞ்ச தனியா அதைத் தேடி அலையத் தேவையில்லை. சஸ்காச்சுவான், மனிற்றோபா, அல்பேர்ட்டாப் பக்கம் விளையிற கோதுமையின்ர குணம் அது. ஒட்டாவாவில இருந்த அரசாங்கப் பண்ணையில சார்ள்ஸ் சோண்டர்ஸ் எண்டவர் 1900களின்ர தொடக்கத்தில "மார்க்கிஸ்" எண்ட கோதுமையைத் தெரிஞ்சு எடுத்தவர். கோதுமை மணியை வாயில போட்டுச் சப்பிப் பாத்து, எது இழுபடுது எண்டுதான் நல்லதைப் பிரிச்சவராம். அந்த மார்க்கிஸின்ர ஒரு பக்கத்து வம்சம் "ஹார்ட் ரெட் கல்கத்தா", இந்தியாவில இருந்து வந்த கோதுமை. இதை மாமிக்குச் சொல்ல, "அப்ப அதுவும் எங்களை மாதிரித்தான் வந்தது" எண்டா.

சிக்கல் என்னெண்டா, எங்கட வீடுகளில குறைஞ்சது மூண்டு விதமான மா கிடக்கும். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் எண்டு அவிச்சு அரிச்சு வைச்ச கோதுமை மா ஒரு வாளியில, வறுத்த அரிசி மா ஒண்டில, ரொட்டிக்கு ஆட்டா மா வேற. அவிச்ச மாவில பாண் ஒருநாளும் வராது, என்ன தலைகீழா நிண்டாலும் வராது. ஆவியில அவிக்கேக்கையே மாவை இழுபட வைக்கிற குளூட்டன் எண்ட புரதம் இறுகிப் போகுது, பிறகு அது இழுபடாது, காத்தைப் பிடிச்சு வைக்காது. புட்டு உதிரி உதிரியா வாறதுக்குக் காரணமும் அதுதான், அதே குணம் பாணுக்கு எதிரி. வாளிக்கு வாளி பேர் எழுதி ஒட்டுங்கோ. ஆட்டா மாவைக் கால்வாசி கலக்கலாம், கொஞ்சம் கூடத் தண்ணி குடிக்கும். குரக்கன் மா எண்டா 500 கிராமில 75 கிராமுக்கு மேல போகாதேங்கோ, அதில குளூட்டனே இல்லை, கூடப் போட்டா கனத்துப் போகும். ஆனா அந்த அளவில நிறமும் வடிவு, மணமும் நல்லம், சம்பலுக்கு வலு பொருத்தம்.

இப்ப நான் கிழமை நாளில செய்யிற பாண். விடிய அஞ்சரைக்கு, வேலைக்கு வெளிக்கிட முதல், ஒரு பெரிய கோப்பைக்க மா 500 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்ரன்ற் ஈஸ்ற் அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவா, தண்ணி 360 கிராம். கரண்டியால கிளறி, உலர்ந்த மா தெரியாத அளவுக்கு வந்தவுடன மூடி வைச்சிட்டுப் போறன். குழைக்கிறதே இல்லை. தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும். இது என்ர கண்டுபிடிப்பு இல்லை, நியூயோர்க்கில ஜிம் லேஹி எண்ட பேக்கர் செய்த முறை, 2006 நவம்பரில நியூயோர்க் ரைம்ஸில வந்து உலகம் முழுக்கப் பரவினது, நான் எங்கட நேரத்துக்கும் இந்த மாவுக்கும் ஏத்த மாதிரி அளவை மாத்தி வைச்சிருக்கிறன். 12 மணித்தியாலம் 21 டிகிரியில கிடக்கேக்க குளூட்டன் தன்ர பாட்டில பின்னிக்கொள்ளும், புளிப்பும் கொஞ்சம் ஏறும், அந்த மெல்லிய புளிப்புத்தான் ஊர்ப் பாண் மணத்தைக் கொண்டு வருது எண்டு நான் நினைக்கிறன். வீட்டில ஒருத்தரும் இல்லாம ஹீற்றைக் 17க்கு இறக்கிப்போட்டுப் போற வீடெண்டா ஈஸ்ற்றை முக்கால் தேக்கரண்டி ஆக்குங்கோ. எங்கட வீட்டில மாமி இருக்கிறபடியா 21க்குக் கீழ இறங்காது, இறங்கினா எனக்கு வேலைக்கு போன் வரும்.

தராசு ஒண்டு வாங்குங்கோ, 15, 20 டொலர்தான். கப்பில அள்ளினா ஒருநாள் 120 கிராம், ஒருநாள் 150. மூண்டரைக் கப்பில அந்த வித்தியாசம் எவ்வளவு எண்டு பாருங்கோ, பாணே மாறிப்போகும். உப்பும் அப்பிடித்தான், கல்லுப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே நிறை இல்லை.

தண்ணி. ரொறொன்ரோவில குழாயால வாறது ஒன்ராறியோ ஏரித் தண்ணி, ஜனவரியில கை வைக்க விரல் விறைக்கும். அதை அப்பிடியே மாவுக்க விட்டா ஈஸ்ற் முழிக்கவே மத்தியானம் ஆகிடும். கேத்திலில கொதிச்சதைக் கொஞ்சம் கலந்து, கை வைச்சா சூடும் தெரியக்கூடாது குளிரும் தெரியக்கூடாது, அந்தப் பதம் காணும். கெதியில செய்யிற அச்சுப் பாணுக்குக் கணக்கு இருக்கு, மா குழைச்சு முடியேக்க 25 டிகிரியில நிக்கவேணும் எண்டா 25 ஐ மூண்டால பெருக்கி 75, அதில வீட்டுச் சூட்டையும் மாவின்ர சூட்டையும் கழிச்சா வாறது தண்ணியின்ர சூடு. வீடு 21, மா 21 எண்டா தண்ணி 33. மாப் பையைக் கராஜிலயோ பேஸ்மென்ற்றிலயோ வைச்சு அது 16 ஆகிப் போச்செண்டா தண்ணி 38. 55, 60 தாண்டினா ஈஸ்ற் செத்துப்போகும், அதால "குளிர்தானே" எண்டு கொதிதண்ணி விடுற வேலை வேண்டாம்.

இன்னொரு விசயம், வின்ரரில வீட்டுக் காத்து வறண்டு கிடக்கும், வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் ஓடஓட உதடு வெடிக்கிற மாதிரி மாவின்ர மேல்பக்கமும் காய்ஞ்சு தோல் பிடிக்கும். தோல் பிடிச்சா அதுக்கு மேல பொங்க ஏலாது. ஈரத்துணி போடுறது ஊருக்குச் சரி, இஞ்ச துணியே ஒரு மணித்தியாலத்தில காய்ஞ்சிடும். இறுக்கமான மூடி, இல்லாட்டிப் பிளாஸ்ரிக் ராப். ஹோட்டலில குளிக்கேக்க தலைக்குப் போடத் தாற ஷவர் கப் கோப்பைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும், ஆரும் பயணம் போனா எனக்கு அதை எடுத்துக்கொண்டு வரச்சொல்லிச் சொல்லுறனான், சிரிக்கினம், சிரிக்கட்டும். ஹீற் வாற வென்ற்றுக்கு மேல கோப்பையை வைக்கிறதும் பிழை, கீழ்ப்பக்கம் வெக்கை, மேல்பக்கம் காய்ச்சல். கெதியா பொங்க வைக்கிறதெண்டா ஓவனை மூட்டாம உள்ளுக்கு இருக்கிற லைற்றை மட்டும் போட்டு அதுக்க வைச்சா 27, 28க்குக் கிட்ட நிக்கும். ஓவன் கதவில ஒரு பேப்பர் ஒட்டி "மா உள்ள" எண்டு எழுதிவிடுங்கோ, வீட்டில வேற ஆரும் வந்து 400 ஃபாரன்ஹீற்றில போட்டா கோப்பையும் போச்சு மாவும் போச்சு.

பின்னேரம் ஆறுக்கு வந்து பாத்தா மா ரெண்டு மடங்குக்கு மேல வந்து, மேல சின்னச் சின்னக் குமிழியோட தளதளவெண்டு நிக்கும். மா தூவின பலகையில கொட்டி, ஈரக்கையால நாலு பக்கத்தையும் இழுத்து நடுவுக்கு மடிச்சு, கவிட்டுப்போட்டு, கையைக் கீழ குடுத்துத் தன்னை நோக்கி இழுத்துச் சுத்தினா உருண்டை இறுகும். ஒட்டுது எண்டு மா மேல மா போடாதேங்கோ, அதுதான் பாணைக் கனக்க வைக்கிறது, கையை நனையுங்கோ, காணும். பேக்கிங் பேப்பரில வைச்சு மூடி ஒரு மணித்தியாலம் கிட்ட விடுறன். விரலை மாவில தொட்டு மெதுவா அமத்திப் பாருங்கோ, குழி உடன நிரம்பினா இன்னும் நேரம் வேணும், ஆறுதலா அரைவாசி திரும்பி வந்தா ஓவனுக்குச் சரி, அப்பிடியே குழியாக் கிடந்தா நேரம் கடந்து போச்சு, கெதியா உள்ளுக்க விடுங்கோ.

ஓவனை ஏழு மணிக்குத்தான் மூட்டுவன், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒன்ராறியோவில நேரத்துக்கு நேரம் மாறுற கரண்ட் கணக்கில இருக்கிற ஆக்களுக்கு, வின்ரரில கிழமை நாளில பின்னேரம் அஞ்சில இருந்து ஏழுவரைக்கும் கூடின விலை, ஏழுக்குப் பிறகு குறைஞ்ச விலை, சனி ஞாயிறு முழுநாளும் குறைவு. 450 ஃபாரன்ஹீற்றில ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓடுற சாமானை அஞ்சரைக்கு மூட்டுறதுக்கு எனக்கு மனம் வராது. மூட்டேக்கையே மூடியோட இருக்கிற ஒரு கனத்த இரும்புச் சட்டியையும் உள்ளுக்க வைச்சிடுறன், அரை மணித்தியாலம் காயட்டும். மூடியின்ர பிடி பிளாஸ்ரிக் எண்டா முதலே கழட்டுங்கோ. பிறகு மாவைப் பேப்பரோட தூக்கிச் சட்டிக்க இறக்கி, பிளேட்டால மேல ஒரு கீறு, மூடி. 30 நிமிசம் மூடி, 12, 15 நிமிசம் திறந்து. மூடியிருக்கேக்க மாவில இருந்து வாற நீராவியே உள்ளுக்க நிக்கும், மேல்தோல் கெதியா இறுகாது, பாண் நல்லா எழும்பும், ஊர்ப் போறணை மூடிக்கிடக்கேக்க நடக்கிறதும் கிட்டத்தட்ட அதுதான். சட்டி இல்லாட்டிப் பரவாயில்லை, சாதாரணத் தட்டில வைச்சு, கீழ்த்தட்டில ஒரு பழைய தகரத் தட்டுக்க கொதிதண்ணி ஒரு கப் ஊத்தி டக்கெண்டு கதவைச் சாத்துங்கோ, முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ.

மாமிதான் எங்கட வீட்டில தரக்கட்டுப்பாடு. பாணைக் கவிட்டு அடிப்பக்கத்தை விரல் மொளியால தட்டிப் பாப்பா. "தம்பி, இது இன்னும் உள்ளுக்க ஈரம் போல கிடக்கு, கொஞ்சம் விடுங்கோவன்" எண்டா அது சரியாத்தான் இருக்கும், நான் தேர்மோமீற்றர் குத்திப் பாத்தா 88, 90 காட்டும். உள்ளுக்க 95க்குக் கிட்ட வரவேணும். அவவின்ர காது பிழைச்சதை நான் காணேல்லை. சனிக்கிழமையளில அவ கேக்கிறது றோஸ் பாண், அதுக்கு இதே மாவைத்தான் கொஞ்சம் தட்டையாத் தட்டி, சட்டியில்லாம, நல்லாக் காய்ஞ்ச தட்டில 475இல 20 நிமிசம் கிட்ட விடுறன், மொறுமொறுவெண்டு வரும். "ஊரில நெல்லியடிப் பாண் அளவுக்கு இல்லை" எண்டு சொல்லிச் சொல்லியே அரைவாசியை முடிச்சிடுவா.

அச்சுப் பாணுக்கு அளவு மட்டும் தாறன்: மா 500, தண்ணி 320, உப்பு 10, சீனி 15, மாஜரின் இல்லாட்டிப் பட்டர் 25, ஈஸ்ற் 8 கிராம் (இஞ்ச விக்கிற சின்னப் பக்கற் ஒண்டு). இதைப் பத்து நிமிசம் வடிவாக் குழைக்கவேணும், ஒன்பதுக்கு அஞ்சு இஞ்சி அச்சு, மா அச்சின்ர விளிம்புக்கு மேல ஒரு இஞ்சி எழும்பினாப் பிறகு 375இல 35 நிமிசம்.

சுட்டு எடுத்தவுடன வெட்டாதேங்கோ எண்டு நான் சொன்னாலும் கேக்கமாட்டியள், எங்கட வீட்டிலயும் ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஒரு மணித்தியாலம் விட்டா உள்ளுக்க இருக்கிற ஈரம் அடங்கி வெட்டுறது சுத்தமா வரும், உடன வெட்டினா கத்தியில பசை. பிய்ச்சுச் சாப்பிடுறதெண்டா இருபது நிமிசத்திலயே பிய்க்கலாம், கத்திக்குத்தான் அந்தச் சட்டம். அந்த நேரத்துக்குள்ள கறியை முடிச்சிடலாம். மைசூர்ப் பருப்பு 20 நிமிசத்தில அவிஞ்சிடும், மஞ்சள், பச்சைமிளகாய், உள்ளி, கடைசியில கொஞ்சம் தேங்காய்ப்பால், தாளிதம். அந்தப் பருப்பும் கூடுதலா சஸ்காச்சுவானில விளையிறதுதான், ஊரில நாங்கள் வாங்கிச் சமைச்ச பருப்பிலயும் கனக்கக் கனடாவில இருந்து கப்பலில வந்தது, அப்ப எங்களுக்கு ஆர் சொன்னது. சம்பலுக்கு பிறீசரில இருக்கிற தேங்காய்ப்பூவை முதலே வெளியில எடுத்து வைக்கவேணும், ஐஸோட இடிச்சா தண்ணியாப் போகும். செத்தல் மிளகாயையும் உப்பையும் முதல் இடிச்சு, சின்ன வெங்காயத்தைப் போட்டு நசிச்சு, பிறகுதான் தேங்காய்ப்பூ, கடைசியில தேசிக்காய்ப்புளி. மிக்சியில அடிச்சா வேற சாப்பாடு அது, சம்பல் இல்லை. பருப்புக்கும் மனமில்லாத நாளில டின்மீனைத் தக்காளியோட குழம்பா வைக்கிறம். இல்லாட்டி லீக்ஸ், உருளைக்கிழங்கு, கரட் மூண்டையும் அவிச்சு மசிச்சு மிளகுத்தூள் தூக்கலாப் போட்ட சூப், பெடியளுக்கு அதுதான் விருப்பம், பாணால கோப்பையைத் துடைச்சு வைப்பாங்கள், கழுவிற வேலையும் குறைவு.

மிச்சப் பாணைப் பிறிட்ஜில மட்டும் வைக்காதேங்கோ. பிறிட்ஜ்க் குளிரிலதான் பாண் கெதியா இறுகிப் பழசாகுது, வெளியில துணியில சுத்தி வைச்சா அதை விட நல்லா இருக்கும், ரெண்டு நாளுக்கு மேல எண்டா வெட்டிப் பிறீசரில போட்டு, தேவைக்கு ஒவ்வொரு துண்டா நேர ரோஸ்ரரில. சுடாத மாவைப் பிறிட்ஜில வைக்கிறது வேற கதை, அது ரெண்டு மூண்டு நாள் தாராளமாக் கிடக்கும், புளிப்பு கொஞ்சம் கூடும், ஸ்னோ ஸ்ரோம் வருது எண்டு ரேடியோ சொல்லுற நாளில ரெண்டு மடங்கு குழைச்சு வைச்சிட்டா கடைக்குப் போற சோலி இல்லை. பால்கனியில வைக்கலாம்தானே எண்டு ஆரோ கேட்டவை, அது பிறிட்ஜ் இல்லை, பிறீசர், மா கட்டியாகிடும்.

பழசான துண்டுகளைக் காயவிட்டுப் பொடிச்சா கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் தூள் ஆச்சு. அதுக்கும் கொஞ்சம் எடுத்து வைச்சிட்டு மிச்சத்தை ஞாயிறு விடிய முட்டையும் பாலும் அடிச்சுத் தோய்ச்சு பொம்பே டோஸ்ற். வீட்டுப் பாண் துண்டு கொஞ்சம் தடிப்பா வெட்டி, மற்றப் பாணை விடக் கூடநேரம் பாலில ஊறவிடவேணும், இல்லாட்டி நடுவுக்குள்ள காய்ஞ்சே கிடக்கும். பெடியளுக்கு மேப்பிள் சிரப் வேணும், மாமிக்குச் சீனி, எனக்கு மிளகாய்த்தூளும் வெங்காயமும் போட்டு உறைப்பாச் செய்தாத்தான் இறங்கும்.